வழி தவறியவர்களின் தபால்

பூகோள டீச்சருக்கு வாய்த்த வீட்டுக்காரருக்கு வடக்கும் தெற்கும் ஒன்றுதான் என்று போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த தபால்தான் இந்த இதழ் முழுக்க. மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குப் போகின்றன. எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் ‘பெயர் போட வேண்டாம்’ என்று அடியில் கோடு போட்டு எழுதியிருக்கிறார்கள். அதனால் யார் பெயரும் போடவில்லை. இவ்வளவு வெட்கப்பட என்ன இருக்கிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

கே: எனக்கு வயது 38. ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. எண்ணும் மறக்காது, முகமும் மறக்காது. ஆனால் டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தால், வந்த வழி எந்தப் பக்கம் என்று தெரியாது. வருஷக்கணக்காக வேலை பார்க்கிற கட்டடத்தில் மாடிப்படி மாறி இறங்கினால் போச்சு. வீட்டில் எல்லோருக்கும் நான்தான் சிரிப்பு. இது கவனக்குறைவா, நோயா டீச்சர்?

ப: கவனக்குறைவு என்றால் கணக்குப் பிரிவை உங்களை நம்பி விட்டிருக்க மாட்டார்கள். நோய் என்றும் சொல்ல மாட்டேன். விளக்கமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது, பொறுமையாகப் படியுங்கள்.

வழி தெரிவது என்பதை ஒரே திறமை என்று நினைத்துக்கொண்டு, அது இருக்கிறவர்கள் இல்லாதவர்களைக் கேலி செய்கிறார்கள். உண்மையில் அது நாலைந்து தனித்தனி வேலை. பார்த்த இடத்தை ‘பார்த்த இடம்’ என்று அடையாளம் தெரிய வேண்டும். எதற்கு அப்புறம் எது வந்தது என்ற வரிசை நினைவிருக்க வேண்டும். இப்போது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம், எவ்வளவு தூரம் வந்தோம் என்ற கணக்கு உள்ளே ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியாக, இதையெல்லாம் சேர்த்து மேலேயிருந்து பார்ப்பதுபோல் ஒரு வரைபடம் மனதில் விழ வேண்டும். இதில் எது ஒன்று சோடை போனாலும் வெளியில் தெரிவது ஒன்றுதான்: ஆள் வழி தெரியாமல் நிற்கிறார்.

மூளையிலும் இந்த வேலைகளைத் தனித்தனி செல்கள் பார்க்கின்றன. எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கிற செல்களை ஜான் ஓ’கீஃப் 1971-இல் ஹிப்போகாம்பஸ் என்கிற, நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியில் கண்டார். தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்கிற செல்களை 1984-இல் ஜேம்ஸ் ரேங்க் அறிவித்தார். அறுகோண வலைபோல இடத்தை அளந்து வைக்கிற செல்களை 2005-இல் மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் கண்டார்கள். ஓ’கீஃபுக்கும் மோசர் தம்பதிக்கும் 2014-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. உங்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்களிடம் சொல்லுங்கள், நோபல் வாங்குகிற அளவுக்குச் சிக்கலான விஷயம் இது.

2009-இல் கனடாவில் ஜூசெப்பே இயாரியாவும் உடன் ஆய்வாளர்களும் நாற்பதுகளில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். தலையில் அடிபட்டதில்லை, மூளையில் சேதம் இல்லை, புத்திக்கும் குறைவில்லை. ஆனால் சின்ன வயதிலிருந்தே, பழகிய இடங்களில்கூட வழி தவறுகிறார். மனதுக்குள் வரைபடம் விழுவதில்லை என்பதுதான் அவர் சிக்கல். அப்புறம் அதேபோல நிறையப் பேர் முன்வந்தார்கள். ‘பிறவியிலிருந்தே வரும் இடக்குழப்பம்’ என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தாகிவிட்டது. நீங்கள் அந்த வகையா என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. சொந்த வீட்டுக்குள்ளேயே குழம்புகிறீர்கள் என்றால் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அப்படி இல்லையென்றால், நீங்களும் என் வீட்டுக்காரரும் ஒரே கட்சி.

இனி டாக்டர் அறைக் கதவு. அங்கே நடப்பது இதுதான். நீங்கள் நடைவழியில் வந்து இடது பக்கம் திரும்பி அறைக்குள் நுழைகிறீர்கள். திரும்பிப் போக, வெளியே வந்ததும் வலது பக்கம் திரும்ப வேண்டும். வரைபடம் உள்ளவர்களுக்கு இந்தத் தலைகீழ்க் கணக்கு தானாக நடந்துவிடும். இல்லாதவர்கள், உள்ளே வந்த கை பழக்கத்தில் மறுபடியும் இடது பக்கமே திரும்பி, எக்ஸ்ரே அறை வரை போய்விடுவார்கள். போதாக்குறைக்கு, நடைவழியில் வரும்போது பார்த்தது ஒரு காட்சி. திரும்பும்போது கண்ணில் படுவது அதன் முதுகு. அதை நீங்கள் பார்த்ததே இல்லை. பிறகு எப்படி ‘வந்த வழி’ என்று தோன்றும்?

மருந்து சுலபம். கதவுக் கைப்பிடியில் கையை வைத்தபடி ஒரு நிமிஷம் முழுசாகத் திரும்பி நின்று, வந்த பக்கம் பாருங்கள். தண்ணீர் கேன், பச்சை நாற்காலி, தீயணைப்பான் என்று கண்ணில் படுகிற ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் மருத்துவச் சீட்டின் பின்பக்கம் ஒரு அம்புக்குறி போட்டுக்கொள்வார், வெளியே வரும்போது போக வேண்டிய பக்கமாக. முன்பெல்லாம் அதை உள்ளே இருந்து வரைந்து, வெளியே வந்து சீட்டைத் திருப்பிப் பிடித்துக் குழம்புவார். இப்போது ‘தீயணைப்பான் பக்கம்’ என்று எழுத்திலும் எழுதிவிடுகிறார்.

கே: எனக்கு எந்தப் பக்கம் என்று தோன்றுகிறதோ அதற்கு நேர் எதிராகப் போனால் சரியாக இருக்குமே?

ப: எப்போதும் தப்பாகவே தோன்றினால் நீங்கள் நடமாடும் திசைகாட்டி, ஊரே உங்களை வாடகைக்கு எடுக்கும். தொல்லை என்னவென்றால், இடையிடையே உங்களுக்குச் சரியாகவும் தோன்றிவிடுகிறது. என் வீட்டுக்காரரும் இந்த முறையைப் பரீட்சை பார்த்தார். அன்றைக்கு என்று முதலில் தோன்றியதே சரி.

கே: பெண்களுக்குத்தான் திசை தெரியாது என்கிறாரே என் மாமனார்?

ப: என் வீட்டுக்கு ஒருமுறை அவரை வரச் சொல்லுங்கள். வழியை நான் சொல்கிறேன்.

விளையாட்டு போகட்டும். ‘சீ ஹீரோ குவெஸ்ட்’ என்று 2016-இல் ஒரு கைப்பேசி விளையாட்டு வந்தது. படகை ஓட்டி வழி கண்டுபிடிக்க வேண்டும். பின்னணியில் அது விஞ்ஞானிகள் வைத்த பரீட்சை. 57 நாடுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆடியதை அலசி 2018-இல் முடிவு வெளியிட்டார்கள். சராசரியில் ஆண்கள் முந்தித்தான் இருந்தார்கள், மறைக்கவில்லை. ஆனால் அந்த இடைவெளி எல்லா நாட்டிலும் ஒரே அளவு இல்லை. ஆண்-பெண் சமத்துவம் கூடுதலாக இருக்கிற நாடுகளில் இடைவெளி சிறுத்துப்போகிறது, குறைவாக இருக்கிற இடங்களில் பெருக்கிறது. தனியாக வெளியே விட்டால்தானே வழி பழகும்? பின்சீட்டிலேயே உட்காரவைத்து வளர்த்துவிட்டு ‘உனக்கு ரோடு தெரியாது’ என்றால் என்ன நியாயம்? உங்கள் மாமனாரிடம் சராசரியையும் சொல்லுங்கள், மீதியையும் சொல்லுங்கள்.

கே: திசை ஓரளவு தெரியும். ஆனால் ‘லெஃப்ட்ல திரும்பு’ என்றால் ரைட்டில் திரும்பிவிடுகிறேன். இதுவும் அதே கோளாறுதானா?

ப: இது வேறு. வலது இடது குழம்புகிறவர்களில் அருமையாக வழி கண்டுபிடிப்பவர்கள் உண்டு, மாறியும் உண்டு. எழுதுகிற கையை லேசாக அசைத்துப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைக்கென்று ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொடுத்தது. வெட்ட வேண்டிய இடத்தில் முன்கூட்டியே அடையாளம் போட்டாகிவிட்டதா என்பது அதில் ஒரு கேள்வி. கத்தியைக் கையில் வைத்திருக்கிறவர்களுக்கே வலது இடதை நம்பி விடவில்லை. நீங்கள் காரில் பக்கத்தில் இருப்பவரிடம் ‘என் பக்கம், உன் பக்கம்’ என்று சொல்லச் சொல்லுங்கள். தப்பவே தப்பாது.

கே: போனில் வரைபடம் இருக்கும்போது திசை தெரிந்து என்ன ஆகப்போகிறது? இல்லை, அந்தப் போன்தான் நம் திசை அறிவைக் கெடுக்கிறதா?

ப: பிறவியிலேயே வரைபடம் இல்லாதவர்களுக்குப் போன் ஒரு வரப்பிரசாதம். அதைத் தொடாதே என்று உபதேசம் செய்கிறவர்களை நான் ஏற்பதில்லை. கண்ணாடி போடாமல் பார்த்துப் பழகு என்பதுபோல் இருக்கிறது.

மற்றவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் உரிமம் வாங்க, நகரின் நடுவில் இருக்கிற சேரிங் கிராஸ் என்ற இடத்தைச் சுற்றி 6 மைலுக்குள் இருக்கிற சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று நான்கு வருஷம் ஆகும். அவர்கள் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருக்கிறது என்று எலினார் மக்வயர் 2000-இல் காட்டினார். பெரிதாக இருந்ததால் டாக்சி ஓட்ட வந்தார்களா, ஓட்டியதால் பெரிதானதா என்ற கேள்வி வரும் இல்லையா? 2011-இல் அதற்கும் பதில் வந்தது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் படம் எடுத்துப் பார்த்ததில், தேர்ச்சி பெற்றவர்களுக்குத்தான் அங்கே வளர்ச்சி தெரிந்தது. இதில் ஒரு சுவாரசியம்: சிக்கலான ஒரு உருவத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு நினைவிலிருந்து வரைகிற சோதனையில் இந்த ஓட்டுநர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். ஒரு பக்கம் ஏற்றினால் இன்னொரு பக்கம் இறங்குகிறது போலும்.

போன் பற்றி நேரடியாக 2020-இல் மாண்ட்ரியலிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. வழிகாட்டியை அதிகம் நம்பியவர்களுக்கு இட நினைவு வேகமாகக் குறைந்தது என்று. எல்லாப் பத்திரிகையும் அலறின. ஆனால் சில வருஷம் கழித்து மறுபடி சோதித்துப் பார்த்தது 13 பேரைத்தான். 13 பேரை வைத்து உலகத்தையே பயமுறுத்த நான் தயாரில்லை.

உருப்படியான ஒரு யோசனை. போனைத் திறந்ததும் நீலப் புள்ளி நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று ஓரளவு சரியாகச் சொல்லிவிடும். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்பதில்தான் அது தடுமாறும். அதைச் சொல்வது போனுக்குள் இருக்கிற காந்த உணரி. பக்கத்தில் இரும்புக் கம்பி, வண்டி எல்லாம் இருந்தால் அது ஏமாந்துவிடும். நின்ற இடத்திலேயே போனைச் சுற்றிச் சுற்றிப் பார்க்காதீர்கள். ஏதோ ஒரு பக்கம் பத்தடி நடங்கள். புள்ளி நகர்கிற பக்கம்தான் நீங்கள் போகிற பக்கம். தப்பென்றால் திரும்புங்கள், பத்தடிதான் நஷ்டம்.

கே: என் அப்பாவுக்கு 71 வயது. எங்கள் வீட்டில் அவர்தான் வழிகாட்டி. எங்கே போனாலும் ஒருமுறை பார்த்தால் போதும். இந்த ஆறு மாதத்தில் மூன்று தடவை வழக்கமாக நடக்கிற தெருவில் திகைத்து நின்றிருக்கிறார். கேட்டால் சிரித்து மழுப்புகிறார். உங்கள் பத்தியைப் படித்துவிட்டு ‘எனக்கும் டீச்சர் வீட்டுக்காரர் வியாதி’ என்கிறார்.

ப: இல்லை. அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், இது வேறு. என் வீட்டுக்காரர் இருபது வயதிலும் இப்படித்தான் இருந்தார். நன்றாக வழி தெரிந்த ஒருவர், வயதான பிறகு, பழகிய தெருவில் தடுமாறுவது கேலிக்குரிய விஷயம் அல்ல, இந்த மாதமே டாக்டரிடம் போக வேண்டிய விஷயம். அல்சைமர் நோய் முதலில் தொடுகிற இடங்களில் ஒன்று, மேலே சொன்ன வலைச் செல்கள் இருக்கிற அதே பகுதி. பெயர் மறப்பதற்கு முன்பே வழி மறப்பது அதனால்தான் சிலருக்கு நடக்கிறது.

உடனே மோசமானதை நினைத்துப் பயப்படவும் வேண்டாம். பி12 குறைவு, தைராய்டு, புதிதாகச் சேர்த்த மாத்திரை, மனச்சோர்வு, கிருமித் தொற்று என்று சரிசெய்யக்கூடிய காரணங்களும் இப்படிக் காட்டும். அதைக் கண்டுபிடிக்கத்தான் போகச் சொல்கிறேன். சாப்பிடுகிற மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். எந்தத் தேதியில் எங்கே நின்றார் என்று எழுதிவையுங்கள். ஒரே நாளில் திடீரென்று குழப்பம் வந்து, பேச்சு குளறினால், கை கால் ஒரு பக்கம் வலுவிழந்தால், கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். உடனே அவசரப் பிரிவு.

கே: என் தம்பிக்கு வழி சொல்லி ஓய்ந்துவிட்டேன். தெளிவாகத்தான் சொல்கிறேன், அவன்தான் தவற விடுகிறான்.

ப: ‘தெளிவாகத்தான் சொல்கிறேன்’ என்று ஆரம்பிக்கிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் சந்தேகம். வழி தவறுகிற ஒவ்வொருவருக்குப் பின்னாலும் வழி சொல்லத் தெரியாத ஒருவர் இருக்கிறார். உங்களுக்குத் தலைக்குள் படம் ஓடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டு நீங்கள் பேசுகிறீர்கள். அவருக்கு அந்தப் படம் தெரியாது.

‘நேரா வந்துட்டே இரு’ என்பீர்கள். சாலை வளைகிற இடத்தில் எது நேர்? ‘பெட்ரோல் பங்குக்கு முன்னாடி திரும்பு’ என்பீர்கள். பங்க் வருவதற்கு முன்னால் பங்க் வரப்போகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? தாண்டிய பிறகுதான் தெரியும். ‘மஞ்சள் வேன் நிற்கும்’ என்பீர்கள். வேனுக்குச் சக்கரம் இருக்கிறது. ‘அங்கே வந்துட்டு போன் பண்ணு’ என்பது இன்னும் மோசம். வர முடிந்தால் எதற்குப் போன்?

நான் என் வீட்டுக்காரருக்கு எழுதிக்கொடுக்கிற சீட்டு இப்படி இருக்கும். பழையது ஒன்று கையில் இருக்கிறது, அப்படியே தருகிறேன்:

‘ஸ்டேஷன் படிக்கட்டு முடிகிற இடத்தில் மணிக்கூண்டு. அதற்கு முதுகைக் காட்டி நிற்கவும். எதிரில் இரண்டு சாலை. பாலம் தெரிகிற சாலை. பாலத்தின் மேல் ஏறக் கூடாது, அடியில் போகவும். அடியில் போனதும் இருட்டு முடிகிற இடத்திலேயே, கைக்கடிகாரம் கட்டிய பக்கம் ஒரு தெரு. அதில் திரும்பவும். நீல கேட். ரயில்வே கேட் வந்துவிட்டால் தாண்டி வந்தாகிவிட்டது. பாலத்தடிக்குத் திரும்பவும், பதற வேண்டாம்.’

இதில் கவனிக்க வேண்டியது கடைசி வரிக்கு முந்தைய வரி. எங்கே திரும்ப வேண்டும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். தப்பிப் போனால் எது கண்ணில் படும் என்பதை யாரும் சொல்வதில்லை. திசை தெரியாதவர்களுக்கு அதுதான் பெரிய பயம், தப்பாகப் போகிறோமா என்பதே தெரியாமல் போய்க்கொண்டே இருப்பது. வழி தேடும்போது வருகிற பதற்றத்தை அளக்க கேரல் லாட்டன் 1994-இல் ஒரு கேள்விப் பட்டியலே தயாரித்தார். இந்தப் பதற்றம் அதிகமாக இருக்கிறவர்கள் திசையை வைத்து யோசிப்பது குறைவு என்றும் பார்த்தார். பதற்றத்தால் யோசனை நிற்கிறதா, யோசனை வராததால் பதற்றமா என்று பிரிப்பது கஷ்டம். ‘பதற வேண்டாம்’ என்று நான் எழுதுவது சும்மா ஆறுதலுக்கு இல்லை.

அந்தச் சீட்டோடு அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ரயில்வே கேட்டைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாராம், ஆனால் பதறவில்லையாம்.

கே: எறும்பு எப்படி வீடு திரும்புகிறது?

ப: பாலைவன எறும்பு ஒன்று அடிகளை எண்ணுகிறது. 2006-இல் மத்தியாஸ் விட்லிங்கரும் சகாக்களும், இரை எடுத்துத் திரும்பவிருந்த எறும்புகளின் காலில் பன்றி முடியை ஒட்டிப் பொய்க்கால் கட்டிவிட்டார்கள். அடி நீண்டது, எறும்பு புற்றைத் தாண்டிப் போய்த் தேடியது. காலைக் குட்டையாக்கியவை முன்பே நின்று தேடின. திசைக்குச் சூரியன், தூரத்துக்குக் கால். பாவம் எறும்பு, அது சரியாகத்தான் எண்ணியது.

கே: காட்டில் வழி தவறினால் வட்டமாகவே சுற்றுவோம் என்பது கதையா? நல்ல திசை அறிவு உள்ளவர்களுமா?

ப: கதை இல்லை. 2009-இல் ஜெர்மனியில் யான் சவ்மன் குழு ஆட்களை ஒரு காட்டில் விட்டு ‘நேராக நடங்கள்’ என்றது. மேகமூட்டத்தில் நடந்தவர்கள் வட்டமடித்தார்கள். தாங்கள் முன்பே நடந்த தடத்தைத் தாண்டிப் போனதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. சூரியன் தெரிந்தபோது நடந்தவர்கள் ஏறக்குறைய நேராகவே போனார்கள். கண்ணைக் கட்டிவிட்டால் சில சமயம் 20 மீட்டர் விட்டத்துக்குள்ளேயே சுற்றினார்கள். ஒரு கால் மற்றதைவிட நீளம், அதனால்தான் வட்டம் என்று ஒரு விளக்கம் உண்டு. அது நிற்கவில்லை, ஏனென்றால் ஒரே ஆள் ஒரு தடவை இடமும் ஒரு தடவை வலமும் சுற்றினார். வெளியில் பார்க்க ஒன்றும் இல்லாதபோது, ‘நேர்’ என்று உள்ளே நினைப்பதே கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறது.

ஆக, சூரியனும் மலையும் கோபுரமும் மறைந்துவிட்டால் திசைப் புலிகளும் நம்ம கட்சிதான். ஒரு வித்தியாசம்: புலிகள் நம்பிக்கையோடு வேகமாக நடப்பார்கள். நம்மவர்கள் நின்று யோசிப்பார்கள். காட்டில் தொலைந்தால் நிற்பதுதான் நல்லது. தேடி வருகிறவர்களுக்கு நகராத ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம்.

கே: சூரியன் உதிக்கிற பக்கம் கிழக்கு. இதைக்கூட வைத்துக்கொண்டு திசை பார்க்கத் தெரியாதா மனிதர்களுக்கு?

ப: பூகோள டீச்சரிடம் வந்து இதைச் சொல்கிறீர்கள். சூரியன் நேர்கிழக்கில் உதிப்பது வருஷத்தில் இரண்டு சமயம், மார்ச் 20, செப்டம்பர் 22-ஐ ஒட்டி. மற்ற நாட்களில் வடக்கே தெற்கே நகர்ந்துகொண்டே இருக்கும். பூமத்திய ரேகையிலேயே ஜூனிலும் டிசம்பரிலும் 23 பாகைக்கு மேல் விலகிவிடும், துருவத்துப் பக்கம் போகப்போக இன்னும் அதிகம். ராத்திரியில் ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தில் வரிசையாக மூன்று நட்சத்திரம் இருக்குமே, அது பூமியில் எங்கிருந்து பார்த்தாலும் கிட்டத்தட்ட நேர்கிழக்கில் எழுந்து நேர்மேற்கில் இறங்கும். சூரியனைவிட அது ஒழுங்கு.

ஆனால் கிழக்கு எது என்று தெரிந்தும் வீடு எந்தப் பக்கம் என்று தெரியாதவர்களைப் பற்றித்தான் இந்த இதழ்.

கே: என் ஒன்பது வயது மகளுக்கு இப்போதே வழி பிடிபடவில்லை. என்னைப் போல ஆகிவிடுவாளோ? பழக்கினால் வருமா?

ப: ஓரளவு வரும், எல்லோருக்கும் ஒரே அளவில் வராது. இஷிகாவா, மோன்டெல்லோ என்ற இருவர் 2006-இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். 24 பேரைப் புது இடத்தில் வாரம் ஒருமுறையாக 10 வாரம் காரில் அழைத்துப்போனார்கள். சிலருக்கு முதல் தடவையே முழுப்படம் விழுந்துவிட்டது. சிலருக்குக் கடைசி வாரத்திலும் விழவில்லை. மெதுவாக ஏறியவர்கள் குறைவுதான். இதைப் படித்து மனதைத் தளரவிட வேண்டாம். அவர்கள் எல்லோரும் காரில் உட்கார்ந்து போனவர்கள். தானே முடிவெடுத்து நடப்பது வேறு.

சீ ஹீரோ குவெஸ்ட் ஆட்களை வைத்தே 2022-இல் இன்னொரு முடிவு வந்தது. நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் வழி கண்டுபிடிப்பதில் நகரத்தில் வளர்ந்தவர்களை மிஞ்சினார்கள். அதிலும் கட்டம் கட்டமாகத் தெரு போட்ட நகரங்கள் உள்ள நாடுகளில் வித்தியாசம் அதிகம். குழந்தைப் பருவத்தில் கோணல்மாணலான பாதையில் திரிந்தது எங்கோ உள்ளே பதிந்து நிற்கிறது.

எனவே பயிற்சிப் புத்தகம், செயலி எதுவும் வாங்காதீர்கள். எங்கே போனாலும் போகும்போது நீங்கள் முன்னால், திரும்பும்போது அவள் முன்னால். இது ஒன்று போதும். தப்பாகத் திரும்பினால் வாயைத் திறக்காமல் பின்னால் போங்கள். ‘இந்த மரத்தை நாம பார்க்கலையே’ என்று அவளே சொல்கிற வரை பொறுங்கள். அந்த வாக்கியம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அவசரம் இல்லாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள், முக்கியமாக உங்களுக்கு அவசரம் இல்லாத நாளாக. அப்புறம், ‘என்னைப் போல’ என்று அவள் காதில் விழச் சொல்லாதீர்கள்.

கே: பெரிய கட்டடங்களில் ‘நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்’ என்று சிவப்புப் புள்ளி வைத்த வரைபடம் இருக்கிறதே, அதைப் பார்த்தால்தான் எனக்கு முழுக்கக் குழம்புகிறது.

ப: உங்கள் தப்பு இல்லை, மாட்டியவர் தப்பு. அந்தப் படத்தில் மேல்பக்கமாக இருப்பது நீங்கள் நிற்கும்போது முன்னால் இருக்க வேண்டும். அப்படி மாட்டினால் யாருக்கும் குழம்பாது. ஒரே படத்தை அச்சடித்து நாலு சுவரிலும் ஒட்டிவிட்டால், மூன்று சுவரில் அது பொய் சொல்கிறது. போனில் படம் எடுத்து, படத்தில் இருக்கிற வாசலும் நிஜ வாசலும் ஒரே பக்கம் வருகிற வரை போனைத் திருப்புங்கள். தலையைச் சாய்க்காதீர்கள், போனைத் திருப்புங்கள்.

கே: என் கஷ்டம் வேறு. எனக்கே வழி தெரியாது, ஆனால் எங்கே நின்றாலும் என்னிடம்தான் வழி கேட்கிறார்கள். தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. என்ன செய்வது?

ப: நின்று நிதானமாகச் சுற்றிப் பார்க்கிறீர்கள் இல்லையா, அதைப் பார்த்து விஷயம் தெரிந்தவர் என்று நினைத்துவிடுகிறார்கள். இவருக்கும் இதே அனுபவம். ‘தெரியாது’ என்று சொல்லிவிடுங்கள், அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. நஷ்டம் வருவது கருணை காட்டும்போதுதான். ஒரு தடவை ஒரு பெரியவர் கேட்டார் என்று இவர் ‘வாங்க, காட்டுகிறேன்’ என்று கூடவே கிளம்பிவிட்டார். அரை மணி கழித்து எனக்குப் போன் வந்தது. பேசியது அந்தப் பெரியவர். ‘அம்மா, உங்கள் வீட்டுக்காரரை எங்கே கொண்டுவந்து விடட்டும்?’ என்றார்.